தொட்டி இழுத்த மூச்சு

என் இடது கையில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, பல் பதிந்த தழும்பு ஒன்று இருக்கிறது. கல்லூரியில் மாணவிகள் கேட்டால் நாய் கடித்தது என்று சொல்லி வைத்திருக்கிறேன். கடித்தது என் அண்ணி. அண்ணன் இரும்புத் தொட்டிக்குள் அசைவில்லாமல் கிடந்தான். அவனைத் தூக்க அண்ணி உள்ளே இறங்கப் பார்த்தார். நான் விடவில்லை. ஊருக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான். தெரியாத பகுதி ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் இந்த மாவட்டத்தில் பல தலைமுறையாக இருக்கும் சமணக் குடும்பம். நிலம் கிராமத்தில், வீடு வேங்கிக்காலில். கார்த்திகை தீபத்துக்கு மலையைச் சுற்றி நடக்கிற கூட்டத்துக்குக் குடிதண்ணீர் கொடுப்பது அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டு வழக்கம். எங்கள் சாமி வேறு, அவர்கள் சாமி வேறு. அதைப் பற்றி யாரும் யோசித்ததில்லை. அதற்கென்றே ஒரு தொட்டி இருந்தது. டிராக்டரில் கோத்து இழுக்கும் பெரிய இரும்புத் தொட்டி. மேலே ஓர் ஆள் இறங்கும் அளவுக்கு வட்ட வாய், பின்பக்கம் தண்ணீர் திறந்துவிட ஒரு வால்வு. வருடத்தில் இரண்டு மூன்று நாள்தான் அதற்கு வேலை. மற்ற நாளெல்லாம் வீட்டுக்குப் பின்னால் காலி மனையில் நிற்கும்.

தீபத்துக்கு முன்னால் அதைத் திறந்து கழுவுவது அண்ணன் பொறுப்பு. ஒரு வருடம் அப்படித் திறந்தபோது, அடியில் தேங்கிய தண்ணீரில் ஈசலும் எறும்பும் படலமாக மிதந்தன. ஒரு பல்லி வயிறு ஊதிக் கிடந்தது. தண்ணீரை இரண்டு மடிப்புத் துணியில் வடிகட்டிக் குடிக்கிற வீடு எங்களுடையது. பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட மாட்டோம், விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பூச்சி சோற்றில் விழும் என்று. அம்மா தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு அன்று முழுக்க எதுவும் சாப்பிடவில்லை.

"நம்ம தொட்டில செத்திருக்குது. அப்ப நாமதான கொன்னது" என்றாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த வருடத் தீபம் முடிந்ததும் தொட்டியை நானே மூடினேன். டிராக்டர் டயரின் பழைய டியூபை வளையமாக வெட்டி, வாயைச் சுற்றி வைத்து, கிரீஸ் தடவி, மூடியை இறக்கி, எட்டு போல்ட்டையும் ஸ்பேனரால் முடுக்கினேன். டியூப் நகராமல் அண்ணி பிடித்துக்கொண்டார். காற்று போய்வர மேலே ஒரு சின்னக் குழாய் உண்டு. அதையும் கட்டையில் துணி சுற்றி அடைத்தேன். இனி ஓர் எறும்புகூட உள்ளே போக முடியாது. அம்மா என் தலையைத் தடவிக் கொடுத்தாள். வால்வுக்குக் கீழே வடியாத தண்ணீர் நான்கு விரற்கடை உள்ளேயே நின்றது. அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. அந்தத் தீபத்துக்காகத்தான் ஆள் வைத்து, இரும்பு தேய்க்கும் கிரைண்டர் போட்டு, உள்சுவரின் பழைய துருவையெல்லாம் உரித்து எடுத்திருந்தோம். இரும்பு புதுசாகப் பளபளவென்று இருந்தது.

இந்தக் காரியத்தைச் செய்தவள் யார் என்று சொல்ல வேண்டாமா? உலோகத்தின்மேல் ஆக்ஸிஜன் எப்படி வந்து உட்காருகிறது என்பதை ஏழு வருடம் ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவள்.

என் ஆராய்ச்சிக்கு இருந்தது சட்டைப் பொத்தான் அளவு நிக்கல் படிகம். அதன் அணுக்கள் வரிசை பிசகாமல் அடுக்கி இருக்கும். காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்த எஃகு அறைக்குள் அதை வைத்து, சூடாக்கி, சுரண்டி, ஓர் அழுக்கும் இல்லாமல் செய்வேன். பிறகு துளி ஆக்ஸிஜனை உள்ளே விடுவேன். வெளியே இருக்கும் காற்றின் அழுத்தத்தில் ஏறக்குறைய நூறு கோடியில் ஒரு பங்கு அழுத்தம் இருந்தால் போதும், சில விநாடிகளில் மேற்பரப்பு நிறைய ஆரம்பித்துவிடும். ஆக்ஸிஜன் மூலக்கூறு வந்து மோதும், இரண்டாக உடையும், நான்கு நிக்கல் அணுக்களுக்கு நடுவில் உள்ள பள்ளத்தில் ஓர் அணுவாக அமர்ந்துகொள்ளும். எலக்ட்ரான்களை அதன்மேல் செலுத்தினால் பச்சைத் திரையில் புள்ளிகள் தெரியும். ஆக்ஸிஜன் ஏற ஏற, பழைய புள்ளிகளுக்கு நடுவே புதுப் புள்ளிகள் முளைக்கும், கோலத்தில் ஊடுபுள்ளி வைப்பதுபோல. பிறகு கொஞ்ச நேரம் எதுவும் நடக்காது. இடம் நிறைந்தது, முடிந்தது என்று தோன்றும். அப்புறம் திடீரென்று அங்கங்கே ஆக்ஸைடு திட்டுத் திட்டாகத் தோன்றிப் பரவும். நிக்கலில் அது சீக்கிரம் அடங்கிவிடும். மேலே படிந்த ஆக்ஸைடே உள்ளே இருப்பதைக் காக்கும். ஈரம் பட்ட இரும்பில் அடங்காது. துரு செதில் செதிலாக விடும், அடியில் இருப்பது மறுபடி காற்றைத் தின்னும். இதை ஒவ்வொரு வருடமும் வகுப்பில் கரும்பலகையில் படம் போட்டுச் சொல்கிறேன்.

அண்ணனுக்கு இந்த ஏழு வருடம் பெரிய வேடிக்கை. வீட்டுக்கு யார் வந்தாலும், "எந்தங்கச்சி துரு புடிக்கிறதப் பாத்தே டாக்டர் ஆனவ. நம்ம ஊட்டு கேட்டுகூட அந்தப் படிப்பு படிச்சிருக்குது" என்பான். சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். உள்ளுக்குள் எரியும்.

அன்று காலை பத்து மணி இருக்கும். அடுத்த வருடத் தீபத்துக்கு இன்னும் சில நாள் இருந்தது. காலையிலிருந்தே எனக்கும் அவனுக்கும் ஆகவில்லை. தொட்டிக்குள் வெள்ளைப் பூச்சு அடிக்க அவன் வாங்கிவந்த பெயிண்ட், குடிதண்ணீருக்கு ஆகாதது. அதைச் சொல்லப்போக, "உன் பாடத்த காலேஜ்ல வச்சுக்கோ பாப்பா, எனக்கு எடுக்காத" என்றான். மனைக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம் பஞ்சர் கடைக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அண்ணன் ஏணியில் ஏறி போல்ட்டுகளைக் கழற்றினான். நானும் பின்னாலேயே ஏறி மேலே நின்றேன், வாயை இறுக்கி மூடிக்கொண்டு.

எட்டு போல்ட்டும் வந்த பிறகும் மூடி வரவில்லை. ஸ்பேனரின் முனையை இடுக்கில் விட்டு நெம்பினான். மூடி ஓர் ஓரத்தில் தூக்கியது. ஸ்ஸ் என்று ஒரு சத்தம்.

அது வெளியே வரும் காற்றின் சத்தம் இல்லை. காற்று உள்ளே போன சத்தம். தொட்டி மூச்சை இழுத்தது.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். ஏழு வருடம் வெற்றிட அறையின் வால்வைத் திருப்பும்போதெல்லாம் அதைக் கேட்டிருக்கிறேன். உள்ளே அழுத்தம் குறைந்திருந்தால்தான் அப்படிக் கேட்கும். மூடிய தொட்டியில் அழுத்தம் ஏன் குறைய வேண்டும், உள்ளே இருந்த காற்றில் ஒரு பங்கு எங்கே போனது என்ற கேள்வி எனக்குள் எழுந்தது. திறந்த வாயிலிருந்து துரு வாடை வந்தது. போன வருடம் பளபளத்த சுவர் முழுக்கச் செம்மண் நிறம். பதில் கண்ணெதிரே இருந்தது, உள்ளே இருந்த ஆக்ஸிஜனைத் துரு தின்றிருந்தது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

அண்ணன் அதைப் பார்த்துவிட்டான். "ஆரம்பிச்சிட்டியா" என்றான்.

மூடிக்கொண்டேன். எக்கேடோ கெட்டுப் போ என்று மனசுக்குள் சொன்னேன். அந்த வார்த்தைகளைத்தான் சொன்னேன், நன்றாக நினைவிருக்கிறது.

அவன் செல்போன் டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தான். "ஒண்ணும் இல்ல, சுத்தமா கீது. ஒரு பூச்சி இல்ல" என்றான். கிணற்றில் இறங்குவதற்கு முன்னால் எங்கள் கிராமத்தில் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். காற்று கெட்டிருந்தால் விளக்கு அணைந்துவிடும். தொட்டிக்கு யார் விளக்கு இறக்குவார்கள்? டார்ச் எரியக் காற்றும் வேண்டியதில்லை. அது நன்றாகவே எரிந்தது.

உள்பக்க ஏணியில் இறங்கினான். கம்பி பிரஷ் கேட்டான், கொடுத்தேன். சுவரை இரண்டு தடவை தேய்க்கும் சத்தம் கேட்டது. "துரு ஜாஸ்தியா கீது பாப்பா. உனக்கு இன்னொரு டாக்டர் பட்டம்..." என்று ஆரம்பித்தவன் குரல் குழறியது. குடித்தவன் பேச்சு மாதிரி இருந்தது. அவன் குடிப்பவன் இல்லை. குனிந்து பார்த்தேன். உட்காரப் போகிறவனைப்போல முழங்கால் மடிந்து, அப்படியே சரிந்து, சுவரில் சாய்ந்தான். மூச்சு முட்டியதாகவோ இருமியதாகவோ தெரியவில்லை, ஒரு கூப்பாடும் இல்லை. ஆக்ஸிஜன் கம்மியானால் உடம்புக்குத் தெரியாது. தெரிவதற்குள் நினைவு போய்விடும்.

"அண்ணா" என்றேன். நல்லவேளையாக முகம் தண்ணீரில் விழவில்லை.

நான் கூப்பிட்ட குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். மோர் எடுத்துக்கொண்டு வந்த அண்ணி சொம்பைக் கீழே போட்டுவிட்டு ஏணியில் ஏறினார். எட்டிப் பார்த்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு காலை வாய்க்குள் விட்டார்.

நான் பின்னாலிருந்து அவர் இடுப்பைக் கட்டி இழுத்தேன்.

"விடு. அவரத் தூக்கணும், விடு."

"உள்ள காத்து இல்ல அண்ணி. நீங்களும் விழுந்துடுவீங்க."

"தொறந்துதான கீது. காத்து இல்லன்னு சொல்றியே, பைத்தியமா உனக்கு?"

திறந்துதான் இருந்தது. தலைக்கு மேலே வானம் இருந்தது, பக்கத்துத் தென்னையில் ஓலை ஆடிக்கொண்டிருந்தது. ஆள் ஆழத்துக்குக் கீழே காற்று இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அண்ணி என்னைவிட பலசாலி, வயலில் வேலை செய்த உடம்பு. வழுக்கும் தகரத்தின்மேல் இரண்டு பேரும் புரண்டோம். தொட்டியின் வாயை என் உடம்பால் மறைக்கவும் கூடாது, போகிற கொஞ்சக் காற்றும் நின்றுவிடும். அவர் என் கையைக் கடித்தார். பல் இறங்கியது தெரிந்தது, வலி தெரியவில்லை. நான் பிடியை விடாமல் எதிரே பஞ்சர் கடையைப் பார்த்துக் கத்தினேன்.

"அண்ணே, கம்ப்ரசர எடுத்துட்டு வாங்க. பெரிய ஹோஸோட. அம்மா, ஃபயர் சர்வீஸுக்குப் போன் பண்ணு."

பஞ்சர் கடைக்காரர் காரணம் கேட்காத மனிதர். அதற்கு இன்றைக்கும் அவருக்குக் கும்பிடு போடுகிறேன். லாரி டயருக்குக் காற்றடிக்கும் சக்கரம் வைத்த கம்ப்ரசரைத் தள்ளிக்கொண்டே சாலையைக் கடந்தார். அதன் வயிற்றில் காற்று நிறைந்திருந்தது. பக்கத்தில் இருந்த எங்கள் தண்ணீர் மோட்டார் அறையில் வயரைச் செருகினார். முருங்கைக்காய் பறிக்கும் துறட்டியில் ஹோஸைக் கட்டச் சொன்னேன். கட்டி மேலே நீட்டினார். கெட்ட காற்று வெளியேறப் பின் வால்வையும் திறக்கச் சொன்னேன், திறந்தார்.

துறட்டியை அண்ணியின் கையில் கொடுத்தேன்.

"இதப் புடிங்க. அண்ணன் மூக்குகிட்ட. அங்க இங்க போகக் கூடாது."

அப்போதுதான் அண்ணி திமிறுவதை நிறுத்தினார். தகரத்தின்மேல் குப்புறப் படுத்து, கையை நீட்டி, ஹோஸின் முனையை அண்ணன் முகத்துக்கு அருகில் கொண்டுபோனார். காற்று பட்டு அவன் முன்முடி அசைந்தது. மற்றபடி ஒன்றும் அசையவில்லை. உதடு நீலமாக இருந்தது. நான் அவன் சட்டையின் மார்புப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு பேனா செருகியிருந்தது. பேனா ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தேன். ஏறுகிற மாதிரி இருக்கும், அப்புறம் இல்லை என்று தோன்றும். கீழே அம்மா எங்கள் பஞ்ச நமஸ்கார மந்திரத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. நான் கடவுளைக் கும்பிடவில்லை. இரும்பின் பரப்பு எத்தனை சதுர அடி, தொட்டியின் காற்று எவ்வளவு, அதில் எத்தனை பங்கு மிச்சம் இருக்கும் என்று மண்டைக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

பேனா ஏறியது. அண்ணன் இருமினான்.

எழுந்திருக்கப் பார்த்தவனை, "அசையாத. ஹோஸ வாய்கிட்ட புடிச்சிக்கினு அப்படியே உக்காரு" என்று கத்தினேன். பிறந்ததிலிருந்து என் பேச்சை அவன் கேட்டது அந்த ஒரு தடவைதான். தீயணைப்பு வண்டி வந்து, முகமூடி போட்ட ஒருவர் உள்ளே இறங்கி, பட்டை கட்டி அவனை மேலே தூக்கினார்கள். அந்தக் குழுவில் வயதானவர் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு எங்களிடம் கேட்டார்: "தூக்கறதுக்குன்னு வேற யாரும் உள்ள இறங்கலையே?" இல்லை என்றோம். "எப்பவும் ரெண்டாவது ஆள் இறங்கிடுவாங்க" என்றார். அண்ணி என் பக்கம் திரும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்துவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்தான். தலைவலி கொஞ்ச நாள் இருந்தது, அப்புறம் அதுவும் போனது. வந்ததிலிருந்து அவனுக்குப் பேச்சு ஒன்றுதான். டீக்கடை, மளிகைக் கடை, கலெக்டர் ஆபீஸில் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் சொன்னான். "எந்தங்கச்சி படிச்ச படிப்புதான் என்னிய பொழைக்க வச்சுது. துருவப் பத்தி ஏழு வருஷம் படிச்சிருக்கா. சும்மாவா?" அதே ஏழு வருடம்தான். கேட்டவர்கள் இந்தத் தடவை சிரிக்கவில்லை. கல்லூரிக்கு வந்து முதல்வர் அறையில்கூடச் சொல்லிவிட்டுப் போனான். எனக்கு எங்கே ஓடி ஒளிவது என்று தெரியவில்லை.

அண்ணி மட்டும் என்னிடம் தேவைக்குமேல் பேசுவதை விட்டுவிட்டார். அதுவே எனக்கு ஆறுதலாக இருந்தது. ஒருவராவது என்னைப் பாராட்டாமல் இருக்கிறாரே.

அடுத்த தீபம் நெருங்கியபோது தொட்டியை விற்றுவிடலாம் என்றான் அண்ணன். அம்மா கூடாது என்றாள். மூடியில் துளைகள் போட்டு, பூச்சி நுழையாத சல்லடைக் கம்பி வைத்து அடித்தோம். அன்று சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டு முடித்து, அண்ணியும் நானும் அடுப்படியைத் துடைத்துக்கொண்டிருந்தோம். அண்ணி தானாகப் பேசினார்.

"நீ என்னப் புடிச்சது சரிதான்மா. எனக்குப் புரியாம இல்ல. இறங்கியிருந்தா ரெண்டு பேரும் போயிருப்போம். ஆனா உங்கை நடுங்கவே இல்ல. அதத்தான் என்னால மறக்க முடியல."

துணியைப் பிழிந்து உதறினேன். பிறகு, "தொட்டிய அப்படி மூடினது நாந்தான் அண்ணி. அதாலதான் அப்படி ஆச்சு" என்றேன்.

"டியூப் புடிச்சது நானு. அது எனக்குத் தெரியாதா?"

"அது மட்டும் இல்ல. மூடியத் தொறந்தப்ப ஒரு சத்தம் வந்துச்சு. அது என்ன சத்தம்னு எனக்குத் தெரியும். உள்ள காத்து கெட்டுப்போயிருக்கும்னு சந்தேகம் வந்துச்சு. அண்ணன் மேல கோவம். அதனால சொல்லல. இறங்க விட்டேன்."

அண்ணி துடைப்பதை நிறுத்தினார். என் முகத்தை நெடுநேரம் பார்த்தார். அறைவார் என்று நினைத்தேன், அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என் இடது கையை எடுத்துத் தழும்பைப் பார்த்தார். பிறகு கையை விட்டுவிட்டு மறுபடி அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தார்.

"அவர்கிட்ட சொல்லாத" என்றார்.

"ஏன் அண்ணி?"

"உன்னப் பத்தி ஊர்ல பெருமையா சொல்றதுக்கு அவருக்கு இப்பதான் ஒண்ணு கெடச்சிருக்குது. அதப் புடுங்காத."

அண்ணிக்காக இத்தனை நாள் சொல்லாமல் இருந்தேன். அவனும் விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறான். போன வாரம்கூட ஒரு கல்யாணத்தில், பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, முன்பின் தெரியாத ஒருவருக்கு முழுக் கதையும் சொன்னான். கம்ப்ரசர் வந்த இடத்தில் அவனுக்குக் கண் கலங்கியது. நான் பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்தேன்.

என் ஆராய்ச்சிப் புத்தகம் வீட்டில் அவன் அலமாரியில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இருப்பதால் அவன் அதைத் திறந்ததே இல்லை. ஆனால் நான் தமிழில் எழுதுவது எதில் வந்தாலும் வாங்கி, ஒரு வரி விடாமல் படித்து, நான் கல்லூரியில் இருக்கும்போதே முதல் ஆளாகப் போன் பண்ணுவான். இதைப் படித்த பிறகும் பண்ணுவானா என்று தெரியவில்லை.